பூசணிக்காயில் நட்ட போல்ட்டுகள்

நம்ம கார் வண்டிய டப்பான்னு சொல்லாதேன்னா சொல்லாதே. நீ அங்க ஃபோன வெச்சுட்டா பேச்சு முடிஞ்சுடுமா, எனக்குப் பாதி இன்னும் வாயிலயே நிக்குது. அந்த டப்பாவுல என் பொண்டாட்டிய ஏத்தினா உங்க கூடப் பேசவே மாட்டேன்னு கத்துனியே, பேசாட்டிப் போ, நீ பேசும்போது மட்டும் என்ன தேனா சொட்டுது. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. இதுல நீ குறுக்க வர முடியாது பாரு, வேணும்னா தாளப் பார்த்துக் கத்திக்க. சொல்றது நான், எழுதுறது உன் பொண்டாட்டி. நான் படிச்ச படிப்புக்கு ஒரு பக்கம் எழுதி முடிக்கிறதுக்குள்ள உன் குழந்தை பொறந்து நடக்க ஆரம்பிச்சுடும். டீச்சர் வேலை பார்த்த கையாச்சே, அவளே எழுதட்டும்னு உட்கார வெச்சிருக்கேன். வயிறு மேசைய இடிக்குதுன்னு நாற்காலியக் குறுக்கால போட்டுக்கிட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு எழுதுறா. மாமா, நீங்க பேசுறதெல்லாம் எழுத்துல வராதுன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டா. வந்த மாதிரி எழுதும்மா, அவனுக்கு இதுவே அதிகம்னேன். அதையும் எழுதிட்டா பாரு.

சரி, முறையா ஆரம்பிக்கிறேன். இங்க அம்மா சுகம், மருமக சுகம், உள்ள இருக்கிறது உதைக்கிற உதையப் பார்த்தா அது நம்ம எல்லாரையும் விடச் சுகம். வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லாம இருந்துச்சு. நீ அந்தக் கிரேன் உச்சில காத்துல உட்கார்ந்திருப்பே, காதையும் கழுத்தையும் மூடிக்க, வேளைக்குச் சாப்பிடு, சுகமா இருக்கேன்னு ஒரு வார்த்தை எழுதிப் போடு, அது போதும் எங்களுக்கு.

ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கன்னு சொன்னே. எதிர் வீட்டுத் தையல்காரருக்கு நெஞ்சு வலின்னு கூப்பிட்டோம்ல, அது மலைய சுத்திக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள மனுஷனுக்கு ஒரு ஏப்பம் வந்து வலி போயிடுச்சு, வந்தவங்களுக்கு அவரே டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். அவருக்கு ஏப்பம் வந்துச்சு, சரி. பிரசவ வலி ஏப்பத்துல போகுமா. வாடகைக் கார்க்காரரோ ஃபோன அணைச்சுட்டுத் தூங்குற மகராசன், அவர எழுப்புறதுக்குக் கதவத்தான் உடைக்கணும். டாக்டரம்மா போன தடவை பார்த்துட்டு, நாள் இருக்கு, ஆனா தலை இறங்கிடுச்சு, நாள நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க, வலின்னு சொன்னா கிளம்பி வந்துடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். அந்த ஏத்தம் உனக்கே தெரியும், நல்ல வண்டியே நாக்கத் தள்ளும். அப்ப நம்ம வண்டிதானே கதி. அதான் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துடுவோம்னு போய்க் குனிஞ்சேன். குனிஞ்சா, வாட்டர் பம்ப் ஓட்டையில இருந்து துருத் தண்ணி கோடா வழிஞ்சு காஞ்சு கெடக்கு. ஃபேனப் பிடிச்சு ஆட்டினா என் கடவாய்ப் பல்லு மாதிரி ஆடுது. பல்லு ஆடினா மெல்லாம முழுங்கிக்கலாம், இது ஆடினா பாதி ஏத்தத்துல தண்ணி எல்லாம் கொட்டி இஞ்சின் கொதிச்சு நின்னுடும். பக்கத்துல ஒரு வீடு வாசல் கிடையாது. அத நெனச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. வெளிய காட்டிக்கல. காட்டிக்கிட்டா உங்கம்மா என்னையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிடுவா.

மெக்கானிக்கிட்ட விட்டிருக்கலாமேன்னு கேப்பே. அவர்கிட்ட விட்டா எப்பத் திரும்ப வரும்னு வண்டிக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது. வீட்டு வாசல்லயே நிக்கட்டும், அவசரம்னா கையோட இருக்கும்னு, ஸ்பேர் கடையில புதுப் பம்ப் வாங்கியாந்து நானே பிரிச்சுட்டேன். பிரிச்சுப் போட்ட வண்டி வாசல்ல நின்னா என்ன, வேற எங்க நின்னா என்ன, அத உருட்டிக்கிட்டா போவீங்கன்னு உங்கம்மா கேட்டா. நியாயமான கேள்விதான். பிரிக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

பிரிக்கிறது பெரிய வித்தையில்ல. ரேடியேட்டர் தண்ணிய வடிச்சு, டைனமோவத் தளர்த்திப் பெல்ட்டக் கழட்டி, ஃபேனக் கழட்டி, கீழ் ஹோஸ உருவினா பம்ப் முகம் தெரியும். உங்கம்மா டார்ச் பிடிச்சா. உன்ன மாதிரி இல்ல, நீ இஞ்சினக் காட்டுடான்னா என் மூக்குக்குள்ள காட்டுவே. அவ காட்டுற இடத்துலதான் நான் வேலையே செய்யணும், அவ்வளவு கண்டிப்பு. பம்ப்போட போல்ட்டு இருக்கே, அதுல நெட்டை இருக்கு குட்டை இருக்கு நடுத்தரம் ஒண்ணு இருக்கு, எது எந்த ஓட்டையில இருந்துச்சோ அதுலயேதான் திரும்பப் போகணும். அட்டையில வரைஞ்சு குத்தி வைப்பாங்க. கைக்கு அட்டை கெடைக்கல. அடுப்படி மேடையில அரைப் பூசணிக்காய் கவுந்து கெடந்துச்சு, பம்ப் மாதிரியே உருண்டையா, அம்சமா. மேல் போல்ட்ட மேல, கீழ் போல்ட்டக் கீழன்னு வரிசையா அதுல குத்தி, பத்திரமா எடுத்த எடத்துலயே வெச்சுட்டுக் கை கழுவப் போனேன்.

இங்கதான் விதி. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தா பூசணிக்காய் கூட்டு. நல்லா வெந்து வாயில கரையுது, நாக்கு செத்துப் போனவன் மாதிரி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்டா. கை கழுவிட்டுப் போய்ப் பார்த்தா என் பூசணிக்காயக் காணோம். ஒரு டம்ளர் நெறைய போல்ட்டு இருக்கு, தேய்ச்சுக் கழுவி, வெள்ளி மாதிரி மின்னுது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதக் கேள்விப்பட்டிருக்கேன், உங்கம்மா அரைப் பூசணிக்காய எனக்கே பரிமாறி மறைச்சுட்டா. கேட்டா, காயில யாராவது ஆணி அடிப்பாங்களா, பேரப்புள்ள வர்ற நேரத்துல இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பயந்து, கண்ணுல படாம சமைச்சுடலாம்னு அரிஞ்சேங்கறா. ஓட்டை விழுந்த ஓரத்தையெல்லாம் செதுக்கி எறிஞ்சுட்டுத்தான் சமைச்சாளாம், சத்தியம் பண்றா. நல்ல வேளை உன் பொண்டாட்டி அன்னைக்கு ரசத்தோட எழுந்துட்டா. இத எழுதும்போது சிரிக்கிறா, எழுத்து ஆடுது, நீ பயந்துடாதே.

கண்ணால பார்த்து, இது இங்கதான், அது அங்கதான்னு நானே தீர்ப்புச் சொல்லிப் புதுப் பம்ப்ப மாட்டி முறுக்கினேன். கை சொல்லுது, நல்லா இறுகிடுச்சுன்னு. தண்ணி ஊத்தினேன். பம்ப்பும் இஞ்சினும் சேர்ற எடத்துல ஒரு முத்து எட்டிப் பார்த்துச்சு, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் அதுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. குட்டை போகவேண்டிய ஓட்டையில நெட்டை போயிருக்கு. அது அடியில போய் முட்டிக்கிட்டு நிக்கும், இறுகின மாதிரி பாவனை காட்டும், நடுவுல தண்ணி கசியாம அடைக்கிற பேக்கிங்க அழுத்தவே அழுத்தாது. உன் பெரியப்பா வேலை செய்யற மாதிரி. இதுல நான் ஸ்பேனர்ல ஒரு பைப்ப மாட்டி இன்னும் ஒரு இழுப்பு இழுக்கப் போனேன். இழுத்திருந்தா இரும்பு விரிசல் விட்டு, வண்டி அந்த எடத்துலயே சிலையாகியிருக்கும். வேணாம் மாமான்னு சன்னல்ல இருந்து ஒரு குரல். இவதான். அந்தக் குரல்ல என்ன இருந்துச்சோ, கைய எடுத்துட்டேன். அம்மா டார்ச்ச அணைச்சுட்டு உள்ள போய்த் தண்ணி கொண்டு வந்து கொடுத்தா. அவ திட்டாத அன்னைக்குத்தான் எனக்குப் பயம்.

மறுபடி எல்லாத்தையும் கழட்டினேன். இவ வாசல்ல ஒரு நாற்காலியப் போட்டு உட்கார்ந்து உன் புள்ளைக்கு ஏதோ பின்னிக்கிட்டு இருந்தா. குல்லாவா காலுறையான்னு கேட்டா முடிஞ்சாத்தான் தெரியுங்கறா. அந்தப் பின்னல் ஊசிய நீட்டி, மாமா, இத ஓட்டைக்குள்ள விட்டு ஆழம் பாருங்களேன்னா. விட்டுப் பார்த்து, எது எவ்வளவு உள்ள போகுதோ அதுக்குத் தக்க போல்ட்டக் கொடுத்தோம். அவ மடியில துணியப் பரப்பி நெட்டைய நெட்டையோடயும் குட்டையக் குட்டையோடயும் பிரிச்சு ஒண்ணொண்ணா நீட்டினா, நான் வாங்கி மாட்டினேன். எல்லாத்துக்கும் எடம் கெடைச்சுடுச்சு. பேக்கிங்தான் ரெண்டாம் தடவை கழட்டும்போது கிழிஞ்சு போச்சு. ஸ்பேர் கடைக்காரரோ அதுக்குள்ள குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டார், கடை பூட்டு. உங்கம்மா உள்ள போய், இவளோட ஆஸ்பத்திரி ஃபைல்ல இருக்கிற காகிதத்தையெல்லாம் ஒரு பையில போட்டுக்கிட்டு, அந்தக் கெட்டி அட்டைய மட்டும் கொண்டாந்து நீட்டினா. பூசணிக்காய்க்குப் பரிகாரம்போல. பம்ப்ப அதுமேல வெச்சுக் கோடு போட்டு, கத்திரியால வெட்டி, ரெண்டு பக்கமும் பசை தடவி மாட்டியிருக்கேன். ஆஸ்பத்திரில ஃபைல் அட்டை எங்கேன்னு கேட்டா இஞ்சினுக்குள்ள இருக்குன்னு சொல்லிக்கலாம். கடை திறந்ததும் நல்ல பேக்கிங் வாங்கி மாத்திடுவேன், அதுவரைக்கும் இது தாங்கணும். தாங்கும். தாங்கும்னுதான் நெனைக்கிறேன்.

என்னம்மா பேனா நின்னுடுச்சுன்னு கேட்டா மை வரல மாமாங்கறா. புதுப் பேனாடா அது. இப்ப வருது போல, எழுதுறா.

காலையில இருந்து வண்டிக்கு அடியில ஒரு தட்டு வெச்சிருக்கேன். செருப்பத் தேடுற மாதிரி ஒரு தடவை, நாய விரட்டுற மாதிரி ஒரு தடவைன்னு போய்ப் போய்ப் பார்க்கிறேன். இதுவரைக்கும் காஞ்சுதான் இருக்கு. இஞ்சினையும் ஓட விட்டுப் பார்த்தேன், சத்தம் இல்ல, ஹோஸ் சூடாகுது, தண்ணி சுத்துது. ஆனா நின்ன எடத்துல ஓடுறது வேற, ஏத்தத்துல மூச்சு முட்ட ஓடுறது வேற. சாயங்காலம் வெயில் இறங்கினதும் நான் மட்டும் பாதி மலை வரைக்கும் ஒரு சோதனை ஓட்டம் போய்ட்டு வரலாம்னு இருக்கேன். அது முடிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம். உங்கம்மாவும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குக் கட்டி வெச்ச பை அலமாரி மேல இருந்துச்சு, அப்புறம் கட்டிலுக்கு வந்துச்சு, இப்ப வாசப்படியில உட்கார்ந்திருக்கு. யாரு வெச்சதுன்னு கேட்டா தெரியாதுங்கறா. தானா நடந்து வந்துருச்சாம்.

நீ இதுக்காக மேலதிகாரிகிட்ட சண்டை போட்டுக்கிட்டுப் பாதி வேலையில ஓடி வராதே. கெடைக்கிற லீவுல வா. கிரேன்ல ஏறும்போது இத எல்லாம் மனசுல போட்டுக்காதே, கீழ நிக்கிறவன் தலை முக்கியம். இவ கூடப் பேசும்போது வண்டியப் பத்திக் கேக்காதே, தூங்கினியா, கால் வீக்கம் எப்படி இருக்குன்னு கேளு. பொம்பளைங்களுக்கு அதுதான் வேணும், எனக்கு இத உங்கம்மா முப்பது வருஷம் கழிச்சுச் சொன்னா. புள்ளைக்குப் பேரு யோசிச்சு வை. உன் பேரு மாதிரி வாய்ல நுழையாத பேரா வெச்சுடாதே, கூப்பிடுறதுக்குள்ள புள்ள தெருவுல எறங்கிடும். என்னம்மா, இதுக்கும் சிரிப்பு வரலையா, மறுபடியும் மை வரலையா, மேசைய ஏம்மா அப்படிப் பிடிச்சுக்க

இனிமே என் கையெழுத்து, கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். நான் இன்னும் நெறைய சொல்ல வேண்டியிருந்துச்சு. போதும் மாமா, மிச்சத்த நீங்க எழுதிக்கோங்கன்னு பேனாவ என் கையில கொடுத்துட்டு எழுந்து போயிட்டா. கிண்டல் ஜாஸ்தியாயிடுச்சு, கோவிச்சுக்கிட்டாபோலன்னு நெனச்சேன். எட்டிப் பார்த்தா வண்டியில முன் சீட்டுல உட்கார்ந்திருக்கா. சீட் பெல்ட்ட வயித்துக்குக் கீழ போட்டுக்கிட்டு, கண்ண மூடி, மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு. அம்மா பையத் தூக்கிக்கிட்டுக் கதவப் பூட்ட நிக்கிறா, உனக்கு ஃபோன் போட்டுக்கிட்டே இருக்கா, நீ மேல இருக்கே போல, எடுக்கல. சோதனை ஓட்டம்லாம் இல்ல, இதுதான் ஓட்டம். தட்ட எடுக்கலாம்னு குனிஞ்சேன். ஒரு சொட்டு இருக்கு. பம்ப் விட்டதா, குனிஞ்சப்ப என் நெத்தியில இருந்து விழுந்ததான்னு தெரியல, விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தேன். துரு ருசி இல்லடா. உப்பு.

உன் பொண்டாட்டி புள்ளையோட நூறு வருஷம் நல்லா இரு, ராசா. ஃபோன உடம்போட வெச்சுக்க. இத எதிர் வீட்டுத் தையல்காரர்கிட்டக் கொடுத்துட்டுப் போறேன், அவர் தபால்ல போட்டுடுவார். உன் பொண்டாட்டி ஹாரன் அடிக்கிறா.

வண்டி ஓட்டப் போற
உன் அப்பா