வால்டர் துரையின் முதல் சம்சாரம்

6 பிப்ரவரி 2007, செவ்வாய்

காலையில் திராட்சைக் கொடிக்கு மருந்து அடித்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால் சோறு மட்டும் இருக்கிறது, குழம்பு இல்லை. என் சம்சாரம் சங்கிலியம்மாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வால்டரை டைப் செய்துகொண்டிருந்தாள்.

வால்டர் தெ மோர்லான். பிரான்சிலிருந்து கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தில் நிலம் பிடித்த நார்மானியக் கூட்டத்துப் பிரபு. செத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோம்பையில் என் வீட்டில் மட்டும் சௌகரியமாக உயிரோடு இருக்கிறார். இவளோடு வேலை பார்க்கிற வரலாற்று லெக்சரர்கள் எல்லாம் பாளையக்காரர், பெரியாறு அணை என்று எதையாவது எழுதி டாக்டர் ஆகிவிட்டார்கள். இவள் மட்டும், நூலகத்தில் யாரும் தொடாத நாலு தடிப் புத்தகம் கிடைத்தது என்று இந்த ஆளைக் குடும்பத்தோடு தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் மதுரையில் வாய்மொழித் தேர்வாம், அதோடு துரை கிளம்பிவிடுவாராம். எனக்கு நம்பிக்கை இல்லை.

7 பிப்ரவரி

இன்றும் குழம்பு இல்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

அப்படி என்னதான் செய்தார் உன் துரை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் போனது. ஆனால் விஷயம் இருக்கிறது.

துரையின் முதல் சம்சாரம் பெயர் அவிசா. எட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார், இரண்டு பெண் குழந்தைகள். ஆண் வாரிசு இல்லை. பக்கத்தில் கோட்டையும் மாவு மில்லும் வைத்திருந்த ஒரு விதவை மேல் துரைக்குக் கண். உடனே ஞாபகம் வருகிறது: தனக்கும் அவிசாவுக்கும் நாலு தலைமுறைக்கு முன்னால் ஒரே பாட்டன்! சொந்தத்தில் கட்டினால் அவர்கள் சபையில் கல்யாணமே செல்லாதாம். ஏழு பேர் வந்து வம்சாவளியைச் சத்தியம் பண்ணிச் சொல்ல, பிஷப் தீர்ப்புக் கொடுக்க, அவிசாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறு வருஷமே மாவு மில்லைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். சொந்தத்தில் கட்டுவது ஒரு குற்றமா? நாலு தலைமுறை தள்ளியெல்லாம் போக வேண்டாம், என் அம்மாவும் சங்கிலியின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். "அந்த ஊர் கணக்குப்படி நம்ம கல்யாணமே செல்லாதே" என்றேன்.

"நான் அங்கன பிறந்திருக்கலாம்" என்றாள்.

25 பிப்ரவரி, ஞாயிறு

கெங்குவார்பட்டியிலிருந்து மூக்கம்மாள் அக்கா வந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். எனக்கு ஐம்பது வயதாகியும் அவளைக் கண்டால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது.

மொச்சை உரித்துக்கொண்டே சங்கிலியிடம் அவிசா கதை முழுவதையும் கேட்டாள். மதுரையில் நடக்கப்போவது பரீட்சை என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. "பொதுவுல வச்சு விசாரிக்கிறாகன்னா அது பஞ்சாயத்துதானடா?" என்றாள். "அந்தத் துரைக்குச் சாதகமா யாரும் பேசிறக் கூடாது. நான் வாறேன்."

பிறகுதான் முக்கியமான சேதியைச் சொன்னாள். சொந்தபந்தம் எல்லாம் அன்றைக்கு ஒரே இடத்தில் இருக்கும், பங்குனி வெள்ளி, நல்ல நாள். மதியச் சாப்பாட்டில் வைத்து என் மகள் நதியாவுக்கு அவள் மகன் சுருளிவேலுக்காகப் பூ வைத்துவிடலாமாம். பூ வைத்துவிட்டால் நிச்சயம் ஆன மாதிரிதான். நதியா தொட்டிலில் கிடக்கும்போதே நான் கொடுத்த வாக்குத்தான் இது. சுருளிவேல் தங்கமான பையன், பழனிசெட்டிபட்டியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். சரி அக்கா என்றேன்.

நதியா முகம் ஒரு மாதிரி இருந்தது. வெயில் என்று நினைக்கிறேன்.

4 மார்ச், ஞாயிறு

வெயில் இல்லையாம். நதியாவுக்குச் சுருளிவேல் வேண்டாமாம். தன் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். "அவரு மேல ஒரு குத்தமும் இல்ல, ஆனா அந்த நெனப்பே எனக்கு வரலம்மா" என்றாளாம்.

"உங்க அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்கிறாள் சங்கிலி. நான் சொல்லணுமாம்! எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனைப் பற்றி இவளுக்கு வண்டி வண்டியாகப் பேசத் தெரியும், அக்காவிடம் பேச மட்டும் நான் வேண்டுமா? எப்படிச் சொல்றது? எந்த வாயால சொல்றது?

11 மார்ச், ஞாயிறு

சொல்வதற்காகக் கெங்குவார்பட்டி போனேன். அக்கா நாட்டுக்கோழி அடித்திருந்தாள். வெங்காய விலை, பெரியகுளம் மாம்பழம், அவள் முழங்கால் வலி, எல்லாம் பேசினேன். சுருளிவேல் வழக்கம்போல வாய் திறக்காமல் குழம்பு ஊற்றினான். போன காரியத்தைத் தவிர ஒன்றையும் விடவில்லை. ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தேன்.

12 மார்ச்

சங்கிலி பேசவில்லை. நதியாவும் பேசவில்லை. ஊறுகாய் போடலாமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

24 மார்ச், சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

வேனில் மதுரைக்குப் போனோம். அக்கா ஒன்பது தட்டில் சீர் கொண்டுவந்திருந்தாள். திராட்சை, தேங்காய், சேலை. வாசலில் நின்ற கல்லூரி பியூன், கல்யாண மண்டபம் அடுத்த தெரு என்று வழி சொன்னார்.

சங்கிலி ஒரு மணி நேரம் பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் பெருமையாக இருந்தது. அவள் நிற்கிற நிற்பை நான் இத்தனை வருஷம் பார்க்காமல் போயிருக்கிறேன். தேர்வு நடத்த வந்த வெளியூர்ப் பேராசிரியர் நிறையக் கேட்டார், எல்லாவற்றுக்கும் சொன்னாள். கடைசியில் அவர், வந்திருப்பவர்கள் யாரும் கேள்வி கேட்கலாம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லி வைத்தார்.

அக்கா எழுந்துவிட்டாள்.

"நான் கெங்குவார்பட்டி மூக்கம்மா. இவ என் தம்பி பொண்டாட்டி. ஏழு பேரு சாட்சி சொன்னாக, பிஷப்பு தீர்ப்புச் சொன்னாக, சரி. அந்தப் பிள்ளை அவிசாவ ஒருத்தருமா கேக்கல, உனக்கு இது சம்மதமான்னு?"

"கேட்டதா எங்கயும் எழுத்து இல்ல மதினி. அவ என்ன சொன்னான்னு ஒரு வரி கெடைக்கல. நானும் தேடிப் பாத்துட்டேன்."

"என்ன ஊரு அது? மாடு பிடிக்கப் போனாக்கூட நம்ம பின்னாடி வருதான்னு நடத்திப் பாப்பாக!"

அரங்கமே கைதட்டியது. வெளியூர்ப் பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார். சங்கிலிக்கு டாக்டர் பட்டம் என்று அறிவித்தபோது, வழக்கில் ஜெயித்தவள் மாதிரி அக்கா சுற்றிலும் பார்த்துக் கும்பிட்டாள்.

சாப்பாட்டுப் பந்தி. சாம்பார் ஊற்றிவிட்டார்கள். அக்கா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு நதியா பின்னால் போய் நின்றாள். நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தேன். அக்காவின் கை நதியா தலை வரை போனது, அங்கேயே நின்றது. ஒரு தேசத்தையே திட்டிவிட்டு வந்தவளுக்குக் கேட்காமல் வைக்க மனசு வரவில்லை போல. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏ ஆத்தா, உனக்குச் சம்மதம்தானே?"

நதியா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல அத்தை. என்னைய மன்னிச்சிருங்க."

பக்கத்தில் சித்தப்பா ஒருத்தர் அப்பளத்தைக் கடித்தார். அது பந்தி முழுக்கக் கேட்டது. அக்கா பூவை அப்படியே கொண்டுபோய்ச் சங்கிலி தலையில் வைத்தாள். "டாக்டருக்கு வைக்கத்தான் எடுத்தேன்" என்றாள். பாயசம் வேண்டாம் என்றுவிட்டாள். அக்கா பாயசம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

கெங்குவார்பட்டியில் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

19 ஏப்ரல்

அக்கா போனை எடுப்பதில்லை. சித்திரைப் பிறப்புக்கும் வரவில்லை. நதியா சொன்னது சரி, அந்தப் பந்தியில் எனக்கு இல்லாத தைரியம் என் மகளுக்கு இருந்தது. அது சந்தோஷம்தான். ஆனா அக்கா இல்லாம எனக்கு ஒரு நல்ல நாள் உண்டா? என்ன செய்வேன். அழுகையாக வருகிறது.

15 ஜூலை, ஞாயிறு

அக்கா போன் செய்தாள்! நாலு மாதம் பேசாதவள் மாதிரியே இல்லை, நேராக விஷயம். கம்பத்தில் சுருளிவேலுக்குப் பெண் பார்க்கப் போனாளாம். பெரியவர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துச் சம்மதமா என்று கேட்டாளாம். போலீஸ் பரீட்சை எழுதணும் என்றதாம்.

"வேண்டாம்னுருச்சுடா தம்பி. ஆனா நான் கேட்டேன். உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு."

சொன்னேன். சங்கிலி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நானும் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

9 செப்டம்பர்

சின்னமனூர்ப் பெண்ணும் வேண்டாம் என்றுவிட்டது. அக்காவுக்கு இப்போது கேட்பதிலேயே ருசி வந்துவிட்டது. நேற்று யாரோ ஒருத்தர் வீட்டு நிச்சயதார்த்தத்திலும் போய்க் கேட்டிருக்கிறாள்.

18 நவம்பர், ஞாயிறு

விடிந்ததும் அக்கா போன். குரலே சரியில்லை. நேற்று பார்க்கப் போன உத்தமபாளையத்துப் பெண்ணும் மறுத்துவிட்டதோ என்று பயந்தேன்.

"அந்தப் பிள்ளை சம்மதம்னுருச்சுடா. வீட்டுக்கு வந்து இவன்ட்டச் சொல்றேன், இவன் பேயறைஞ்சாப்புல நிக்கிறான். ஏலே, உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். இல்லன்னு சொல்றான்டா!"

போடி பஜாரில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கிற வைகுண்டராஜ் மகள் ஜெஸ்லினாம். நாலு வருஷமாகப் பழக்கமாம். பட்டறை இருப்பது பழனிசெட்டிபட்டியில், பக்கத்தில் தேனி, காயில் கட்ட அங்கே கிடைக்காத காப்பர் ஒயரா? பையன் வாரம் தவறாமல் போடிக்குப் போய் வாங்கியிருக்கிறான். நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. வேதக்காரர் வீடு, சர்ச்சுக்குப் போகிறவர்கள், நம் பக்கம் என்ன சொல்வார்களோ என்று இழுத்தேன். அக்கா அந்தப் பேச்சுக்கே வரவில்லை.

"நாலு வருஷமா ஏண்டா வாயைத் தொறக்கலன்னு கேட்டேன் தம்பி. 'நீ ஊர்ல இருக்க பொண்ணுகளத்தானம்மா கேட்ட'ங்கிறான்."

பிறகு அக்கா, வைகுண்டராஜிடம் பெண் கேட்டுப் பேச என்னை வரச் சொன்னாள். இந்தத் தடவை நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டுமாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போடிக்குப் போகிறேன்.