யன்னலுக்கு வெளியே ஒரு பழுப்புக் குருவி

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. பிரிஸ்பேனிலிருந்து தங்கச்சி வாணி மூன்று படம் அனுப்பியிருந்தாள். கட்டிலில் படுத்தபடியே யன்னல் வலைக்குள்ளால் எடுத்தவை. பிள்ளை பிறக்கும்வரை எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். புருஷன் தூரத்தில், சுரங்க வேலையில்.

"அக்கா, இது என்ன குருவி? பொழுது போகேல்ல. கண்டுபிடிச்சுச் சொல்லு."

படம் 1: வலை. படம் 2: வால் மட்டும். படம் 3: பழுப்பு, துளியூண்டு, வாலை நட்டமாக நிமிர்த்தியபடி.

நூலகப் புத்தகத்தைப் பார்த்து, விசிறிவால் என்று அடித்துச் சொன்னேன். பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். நான் இருக்கும் நியூசிலாந்துப் பறவைகள்; அவள் இருப்பதோ ஆஸ்திரேலியா. நல்ல கெட்டிக்காரி நான்.

ஒக்டோபர் 16, வியாழன்

அம்மா இல்லை. பிள்ளைப்பேறு பார்க்க நான்தான் போகவேண்டும். பத்தியக் கறிக்குச் சரக்கு வறுத்து, அரைத்து, போத்தலில் அடைத்தாயிற்று. யார் கொண்டுபோவது? என் கையில் இருப்பது இடைக்கால விசா. நியூசிலாந்தை விட்டு வெளிக்கிட்டால் அது செத்துவிடும், திரும்பி வர விடமாட்டார்கள். என் புருஷன் ரவியும் மகளும் இங்கே. கதவு திறந்துதான் இருக்கிறது, வெளியே போவதற்கு மட்டும்.

எல்லர்ஸ்லியில் இருக்கும் விசா ஏஜெண்டுக்கு மறுபடி போன். மதுரைக்காரர். "பொறுமையா இருங்க மேடம்." பொறுமையாம்! அழுகையும் ஆத்திரமும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். புதுப் படங்கள், தெளிவானவை. ஒன்றுக்கு நீல வால், கறுத்த அலகு, வாயில் புழு. மற்றதற்குப் பழுப்பு வால், செம்மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றியும் அதே நிறம். இரண்டு சாதி என்று நினைத்தேன்.

ஆஸ்திரேலியப் பறவைக்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் போட்டேன். உடனே பதில். இரண்டும் ஒரே சாதிக் குருவி, ஃபெயரி ரென். பழுப்பு வால் பெண். நீல வால் இளம் ஆண். "தகப்பனாக இருக்காது. போன ஈட்டில் பொரித்த குஞ்சு. தாயோடு நின்று, புதுக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும்" என்று ஒருவர்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். வாணிக்கு அனுப்பவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

பெண் பிள்ளை! இருவரும் சுகம். வீடியோவில் வாணியின் முகம் வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. சாப்பாடு, ஆஸ்பத்திரிப் பாணும் சூப்பும்.

"குருவியின்ர பேர் கண்டுபிடிச்சியோ?"

"இல்லையடி. இன்னும் பிடிபடேல்ல."

பிள்ளையின் துணியை இழுத்து மூடினாள்.

"இங்க நர்ஸிட்டப் படத்தைக் காட்டினனான். சொன்னவ. மூத்ததுகள் தாயோட நிண்டு குஞ்சுகளுக்குத் தீத்துமாம். என்னக்கா?"

ஓம் என்றேன்.