முன்வரிசையில் அம்மாவின் சிரிப்பு

ஒசாகா, தைஷோ
1978 அக்டோபர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

இலையுதிர் காலம் ஆழ்ந்துவரும் இவ்வேளையில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இந்த வீட்டில் நடப்பது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். படித்த கதைகளில் வருவது போல எதையும் அழகாக்கவும் மாட்டேன். நீங்கள் கேட்டதும் அதைத்தானே? "அப்பா என்னைப் பற்றிப் பேசுகிறாரா? உள்ளதை எழுது."

பேசுவதில்லை. ஆனால் கல்லாப் பக்கத்தில் உள்ள தகர டப்பாவில் தபால்தலைகள் தீரத் தீரப் புதிதாக வந்துவிடுகின்றன. யாருக்கு எழுதுகிறாய் என்று அவர் கேட்பதும் இல்லை.

தாத்தா நலம். கடையும் நடக்கிறது. அப்பா ஊற்றும் முட்டைக்கோஸ் அடைகளின் ஓரம் முன்பு போல வட்டமாக இல்லை என்று டாக்சி ஓட்டும் நிஷிவாகி மாமா சொல்கிறார். "சாகுஜி, இது அடையா, ஜப்பான் வரைபடமா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. நம் கடையில் ஒருவர் கிண்டல் செய்து அதற்குப் பதில் வராமல் போவது உங்களுக்கே தெரியும், எவ்வளவு அபூர்வம் என்று.

அந்த ஆகஸ்ட் மாலையைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கடை நிறைய ஆள். அப்பா சொன்னார்: "இவ சிரிச்சா ஆத்துல மீனெல்லாம் எதிர்க்கரைக்கு ஓடுது, கடையில ஆளு நிக்குமா?" இதை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நீங்களும் ஒவ்வொரு முறையும் "நீங்க பாடினா அது கருவாடாவே கரையேறுது" என்பீர்கள், எல்லோரும் சிரிப்பார்கள். அன்று மட்டும் நீங்கள் எதுவும் சொல்லாமல் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டோக்கியோவுக்குப் பெரியம்மா வீட்டிற்குப் போய்விட்டீர்கள். ஏன் அன்று மட்டும்? எனக்குப் புரியவில்லை.

அங்கேயே தனி அறை எடுப்பதா, திரும்பி வருவதா என்று ஆண்டு முடிவதற்குள் தீர்மானிப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் எந்தப் பக்கமும் இழுக்கமாட்டேன். எழுதுவது மட்டும்தான் என் வேலை.

மரியாதையுடனும் அன்புடனும்,
சுமிரே


டோக்கியோ, கமாதா
அக்டோபர் 17

என் சுமிரே,

உன் கடிதத்தின் முதல் வரியைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என்னடி, பேங்க்லேர்ந்தா லெட்டர்?" என்கிறாள். அம்மாவுக்கு எழுதும்போது இலையுதிர் காலம் ஆழமாகாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணு.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சிரிக்கிற வேலை! பக்கத்து வீட்டம்மா ஒரு தொலைக்காட்சி நிலையத்திற்குப் போய்வருவாள். "மூன்றாம் மாடி முதல் கதவு" என்ற நகைச்சுவை நாடகத்தைப் புதன்கிழமைதோறும் பார்வையாளர்களை உட்காரவைத்துப் படம் பிடிக்கிறார்கள். மற்றவர்கள் கூச்சப்படாமல் சிரிக்கவேண்டும் என்பதற்காக முன்வரிசையில் எங்களைப் போல ஐந்தாறு பெண்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நான் சிரித்ததைக் கேட்டுத்தான் அவள் என்னைக் கூட்டிப்போனாள். யார் யாருடைய சிரிப்புக்கு மீன் ஓடுகிறதோ, போகட்டும்.

ஆனால் நான் தப்பான இடத்தில் சிரிக்கிறேனாம். எங்களை மேய்க்கும் குராதா என்பவர் ரொம்ப மரியாதைக்காரர். "கஸுயே அம்மா, தயவுசெய்து மத்தவங்க சிரிக்கிறப்பவே நீங்களும் சிரிக்க முடியுமா?" என்கிறார். நான் என்ன செய்ய? நம் ஊரில் ஒருவன் அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால், பக்கத்தில் நிற்பவன் "அடச்சீ, என்னடா பேசுறே!" என்று மண்டையில் ஒன்று போடுவான். அந்த அடியில்தானே சிரிப்பு? இங்கே அடிக்க ஆளே இல்லை. அசடு சொன்னதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அதற்கே சிரிக்கிறார்கள். நான் மட்டும் அந்த அடி எப்போது விழும் என்று காத்துக்கொண்டே இருக்கிறேன். அதற்குள் அடுத்த வசனம் வந்துவிடுகிறது.

புதன்கிழமை எடுப்பதை அடுத்த வாரம் வியாழன் இரவு எட்டு மணிக்குப் போடுகிறார்கள். உங்கள் ஊரிலும் வருமாம். அப்பாவிடம் சொல்லாதே.

அம்மா


ஒசாகா
நவம்பர் 12

அன்புள்ள அம்மா,

(இன்று இலையுதிர் காலத்தை எழுதவில்லை.)

முதலில் ஒரு பொய்யைப் பதிவு செய்கிறேன், ஏனென்றால் அதைச் சொன்னது நான். வியாழன் எட்டு மணிக்கு நம் கடைத் தொலைக்காட்சியில் நம் ஊர் நகைச்சுவை ஜோடிகளின் நிகழ்ச்சியைத்தான் வைப்பார்கள். அதை மாற்றுவதற்கு, "டோக்கியோ நகைச்சுவையும் ஒசாகா நகைச்சுவையும்" என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். மனம் உறுத்தியதால் மறுநாள் ஆசிரியையிடம் போய் அப்படி ஒரு கட்டுரை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். இப்போது அது பொய் இல்லை.

குமிழைத் திருப்பியதும் கடையில் ஒரே கூச்சல். "டோக்கியோ ஜோக்கா? அவங்க ஊரு ஊதோன் நூடுல்ஸ் ரசம் மாதிரிதான் இருக்கும். பாக்கக் கன்னங்கரேல்னு, உள்ள ஒண்ணுமிருக்காது," என்றார் நிஷிவாகி மாமா. தாத்தாவுக்கோ இரண்டு ஊரும் ஆகவில்லை. "இந்தக் காலத்துப் பசங்க எந்த ஊரா இருந்தா என்ன, மூச்சு விடாம பேசுறானுங்க. எங்க காலத்துல ஒரு ஜோக்கு சொன்னா, ஷாமிசென் தந்தியில ரெண்டு தட்டு தட்டி, நாம சிரிக்க நேரம் குடுப்பாங்க," என்றார். என் தோழி அயாமே வந்திருந்தாள். தலையில் தகரத் தாம்பாளம் விழும் நிகழ்ச்சியைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குச் செய்தி வாசிப்பு மாதிரிதான்.

அப்போது கேட்டது. முதலில் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு சின்ன விசில், பிறகு பாத்திரக்கடையில் அலமாரி சாய்ந்தது போல. அம்மா, நீங்கள்!

அப்பாவின் கையைத்தான் பார்த்தேன். அடை திருப்பும் கரண்டி கல்லின் மேல் அப்படியே நின்றது.

"சாகுஜி, கருகுது!" என்றார் நிஷிவாகி மாமா.

"டோக்கியோ ஜோக்கு கேட்டா மாவு கூட கருகுது," என்றார் அப்பா. ஆனால் நிகழ்ச்சியை மாற்றச் சொல்லவில்லை.

அடுத்த வியாழன் நான் கேட்கவில்லை. எட்டு மணிக்கு அவரே போய்க் குமிழைத் திருப்பினார். "வானிலை பாக்கலாம்னு," என்றார். வானிலை வரவில்லை, நாடகம்தான் வந்தது. இப்போது மூன்று வாரமாக வானிலை பார்க்கிறோம்.

இன்னொன்றையும் உண்மையாக எழுதவேண்டும். எனக்கு அந்த நாடகம் பிடித்திருக்கிறது. அந்த அசட்டுக் கணவனை யாரும் அடிக்காமல் விடும்போது, அவன் தனியாக நிற்பது எனக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. கடையில் எல்லோரும் உம்மென்று இருக்க, நான் மட்டும் மேசைக்கடியில் குனிந்து சிரித்தேன். நான் சரியான ஒசாகாக்காரி இல்லையோ என்று பயமாக இருக்கிறது. தாத்தாவிடம் சொல்லவேண்டாம்.

சுமிரே


டோக்கியோ
டிசம்பர் 1

கண்ணு,

உனக்குப் பிடித்ததற்குச் சிரி. சிரிப்புக்கெல்லாம் யாரும் குடியிருப்புச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன புதன்கிழமை அந்தக் கணவன் சொல்கிறான்: "எம் பொண்டாட்டி குறட்டை விட்டா, பக்கத்து வீட்டுக்காரர் ரயில் வந்துடுச்சுன்னு பெட்டியோட கிளம்பிடுறார்." மனைவியாக நடிப்பவள் தலையைக் குனிந்து புன்னகை செய்கிறாள். அவ்வளவுதான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் முன்வரிசையிலிருந்து கத்திவிட்டேன்: "அதே ரயில்ல நீயும் ஏறித் தொலைஞ்சிருக்கலாமேய்யா!"

குராதா முகம் காகிதமாகிவிட்டது. அந்த நடிகன் மட்டும் என்னைப் பார்த்து, சற்று நிறுத்தி, "டிக்கெட் கெடைக்கலீங்க," என்றான். பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே! டோக்கியோக்காரர்கள் வாயைப் பொத்த மறந்துபோனார்கள்.

என்னைத் துரத்திவிடுவார்கள் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். இயக்குநர் வந்து, அதை வெட்டப்போவதில்லை என்றார். இந்த ஏழாம் தேதி வரும். அதோடு, வருகிற ஜனவரியிலிருந்து ஒரு வருடம், வாராவாரம் முன்வரிசையிலிருந்து இப்படிப் பதில் சொல்ல வரமுடியுமா என்று கேட்கிறார். ஆண்டு முடிவதற்குள் சொல்லவேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது, சுமிரே. ஒளிக்கமாட்டேன்.

அந்த ஆகஸ்ட் மாலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கத்தின பிறகுதான் எனக்கே புரிந்தது. மீன் ஓடுகிறது என்று அவர் சொன்னது பெரிதில்லை. வழக்கமாக, சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். அன்று காத்திருக்கவில்லை. சொன்னார், கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பதில் வேண்டாதவர் சொன்னால் அது கிண்டல் இல்லை, வசவு.

வியாழக்கிழமை கடையில் என்ன நடந்தது என்று எழுது. நடந்தது மட்டும்.

அம்மா


ஒசாகா
டிசம்பர் 8

அன்புள்ள அம்மா,

நடந்தது மட்டும் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு அப்பா "வானிலை" என்றார். கடை நிறைந்திருந்தது. குறட்டை ஜோக் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. "இவனுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லியா அந்த ஊருல?" என்று நிஷிவாகி மாமா சலித்துக்கொண்டபோது உங்கள் குரல் வந்தது.

பிறகு கடையே எழுந்துவிட்டது. ஒருவர் சாஸ் புட்டியைத் தட்டிவிட்டார். "டோக்கியோக்காரி இப்படியெல்லாம் கத்தமாட்டா! இது நம்ம ஊரு தொண்டை!" என்றார் நிஷிவாகி மாமா.

"நம்ம கஸுயேதான்," என்றார் தாத்தா. "வேகமாத்தான் பேசுறா. ஆனா அதுக்கப்புறம் நிறுத்தினா பாரு, அதான் வித்தை."

அப்பா முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன், ஆனால் நினைப்பது பதிவு ஆகாது என்பதால் சுற்றிப்போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மூக்கும் ஒழுகியது. மாவுப் பாத்திரத்தை நான் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதங்களை அவரிடம் கொடுத்தேன். சொல்லாதே என்றீர்கள், குரலே சொல்லிவிட்ட பிறகு ஒளித்துப் பயனில்லை என்று நானே முடிவு செய்தேன். தப்பென்றால் மன்னியுங்கள். ஆகஸ்ட் மாலையைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் வெகுநேரம் நின்றார். பக்கம் திரும்பவில்லை.

இன்று நான் பேனாவை எடுத்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எழுது. உங்கம்மா போனதுலேர்ந்து அடை ரொம்ப ருசியா வருதுன்னு எழுது."

எழுதினேன்.

"சாப்பிடுறவங்க எல்லாம் ருசி தாங்காம கண்ணீர் விடுறாங்கன்னு எழுது."

எழுதினேன். அவர் எழுந்து போகவில்லை. என் பேனா முனையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் இதை எழுதி முடிக்கும் இந்த நிமிடம் வரை அங்கேதான் இருக்கிறார்.

சுமிரே


டோக்கியோ
டிசம்பர் 13

சுமிரே,

கடிதங்களைக் காட்டியது தப்பில்லை.

இதைக் கடை நிறைந்திருக்கும் நேரத்தில், அப்பா முன்னால் நின்று, உரக்கச் சொல். முதல் வரிக்குப் பிறகு நிறுத்தவேண்டும். அவரைப் பார்க்காதே, வாடிக்கையாளர்களைப் பார்.

"கண்ணீர் வரத்தான் செய்யும்."

(நிறுத்து.)

"அது ருசியால இல்ல, புகையால. மேல புகை இழுக்கிற ஃபேனை யாராவது தொடைச்சீங்களா?"

இயக்குநருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மா


ஒசாகா
டிசம்பர் 17, ஞாயிறு

அன்புள்ள அம்மா,

இன்று மாலை கடை நிறைந்திருந்தபோது சொன்னேன். நாற்காலி மேல் ஏறி நின்றேன், என் குரல் சின்னது என்பதால். முதல் வரியைச் சொன்னேன். நிறுத்தினேன். நிறுத்தும்போது எவ்வளவு பயமாக இருக்கிறது, அம்மா! அந்த இடைவெளியில் எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள். இதை நீங்கள் இத்தனை வருடம் தினமும் செய்திருக்கிறீர்கள். பிறகு இரண்டாவது வரியைச் சொன்னேன்.

எல்லோரும் தலையை உயர்த்தி ஃபேனைப் பார்த்தார்கள். சரியாக அந்த நேரம் அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் நிஷிவாகி மாமாவின் நெற்றியில் விழுந்தது. (இதை நான் அழகாக்கவில்லை. அவரையே கேட்கலாம்.) நானும் சிரித்தேன், இந்த முறை மேசைக்கடியில் இல்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கல்லைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

"வரி நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா நீ சொன்னா நேரம் தப்புது. நேர்ல வந்து சொல்லச் சொல்லு."

இது கிண்டலா, பதில் சொல்லவேண்டுமா என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நிஷிவாகி மாமாவிடம் திரும்பி, "ஏம்ப்பா, புதன்கிழமை புதன்கிழமை காலையில டோக்கியோ ரயில் புடிக்க ஷின்-ஒசாகா ஸ்டேஷனுக்கு ஒரு சவாரி வருமா? ராத்திரி கடைசி ரயிலுக்குத் திரும்பக் கூட்டிட்டு வரணும்," என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"அடுத்த வருஷம் பூரா."

நிஷிவாகி மாமா நெற்றி எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, "அவ வண்டியில சிரிச்சா கண்ணாடி ஒடையுமே," என்றார்.

"அத அவகிட்ட சொல்லு. சொல்லிட்டு, நின்னு பதில் வாங்கிக்க," என்றார் அப்பா.

நான் எந்தப் பக்கமும் இழுக்கமாட்டேன் என்று முதலில் எழுதியிருந்தேன். அதனால் வாருங்கள் என்று எழுதாமல், நன்றி மட்டும் எழுதுகிறேன். வியாழக்கிழமைகளில் சிரித்ததற்கு நன்றி. குராதா சொன்ன இடத்தில் சிரிக்காமல் உங்கள் இடத்தில் சிரித்ததற்கு நன்றி, இல்லாவிட்டால் எது நீங்கள் என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னிடம் உண்மையைக் கேட்டதற்கும் நன்றி. இந்த ஊரில் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

அப்பா இப்போது நாற்காலி மேல் ஏறி, முழங்கை வரை கறுப்பாகி, ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தாத்தா கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலதுபக்கம் விட்டுப்போச்சு என்கிறார். கடையை மூடி வாசல் திரையை உள்ளே எடுத்தாகிவிட்டது. இன்னும் நிறைய எழுத இருக்கிறது, ஆனால் கண்ணு கெட்டுப்போகும், போய்ப் படு என்று சொல்லி, அப்பா இறங்கி வந்து விளக்கை அணைத்துவிட்டா...