உப்புமாவுக்கு ஆயிரத்து இருநூறு சிரிப்பு

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் எனக்கு நாற்காலி. அதுவும் சக்கரம் வைத்தது. இரண்டு வருடமாகக் காருக்கு ஒயர் கட்டும் லைனில் நின்றே பழகிய காலுக்கு, உட்கார்ந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசைக்கடியில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

நான் பி.சி.ஏ. முடித்தவள் என்பது எச்.ஆர். ரகு சாருக்கு இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு மாதம் பார்ப்பார்களாம். ரிப்போர்ட் ஒழுங்காகக் கொடுத்தால் ஆபீசிலேயே இருக்கலாம். சொதப்பினால் மறுபடி லைன். முருகா, இந்த நாற்காலியை மட்டும் பிடுங்கிவிடாதே.

முதல் வேலை கேன்டீன். தட்டு போடும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரை டேப் மாட்டியிருக்கிறார்கள். சாப்பாடு பிடித்திருந்தால் சிரிக்கிற முகத்தைத் தொட வேண்டும். பிடிக்காவிட்டால் அழுகிற முகம். ஒவ்வொரு தொடலுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி விழும். அதையெல்லாம் கூட்டிப் பிரித்து, எந்தச் சாப்பாட்டை ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டும்.

"டேட்டா வெறும் அரிசிம்மா. நீதான் சோறாக்கித் தரணும்," என்றார் ரகு சார்.

ஜூன் 11, புதன்

மதியம் சிக்கன் பிரியாணி. வாரத்தில் இந்த ஒரு நாளில்தான் யாரும் லீவு போடுவதில்லை.

ஜூன் 13, வெள்ளி

ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். முதலிடம், காலை டிபன் உப்புமா. கடைசி இடம், சிக்கன் பிரியாணி.

எனக்கே திக்கென்றது. மூன்று தடவை கணக்குப் போட்டேன், அதேதான் வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? வண்ண வண்ணமாகப் படம் போட்டு அனுப்பினேன். ரகு சாருக்கு அவ்வளவு சந்தோஷம். "மக்கள் எதைக் கேக்குறாங்களோ அதைக் கொடுப்போம்," என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார். வரும் புதன் மதியம் பிரியாணி கிடையாது. உப்புமா.

சந்தேகம் வந்ததா என்றால், வந்தது. சொன்னேனா என்றால், நாற்காலி ரொம்ப மெத்தென்று இருந்தது.

ஜூன் 18, புதன்

செத்தேன்.

மதியம் உப்புமாவைப் பார்த்த லைன் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பரிமாறுகிற கங்கா அக்கா, இந்தப் பக்கத்துப் பென்னலூர்க்காரர், கரண்டியை ஓங்கிக்கொண்டு, "இன்னாம்மா, உன் கம்ப்யூட்டரு உப்புமாவ துன்னு பாத்துச்சா?" என்றார்.

ரூமுக்கு வந்தால் நாச்சியார். வள்ளியூர்க்காரி, என் பக்கத்துப் பாய், லைனில் பக்கத்து இடம். "ஏட்டி தங்கமாரி, நீ படிச்சு கிழிச்சது இதானா? ஒரு பிரியாணிய காப்பாத்த துப்பில்ல," என்று சொல்லிவிட்டு, டேபிள் ஃபேனைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்துப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 19, வியாழன்

நாச்சியார் பேசவில்லை. ஃபேனும் அவள் பக்கம்தான்.

ஜூன் 23, திங்கள்

காலை டிபன் நேரத்தில் தொட்டி பக்கத்திலேயே போய் நின்றேன். உப்புமா நாள்.

ஜனங்கள் தட்டை வாங்கினார்கள், ஒரு வாய் வைத்தார்கள், மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினார்கள். மணி அடிக்க இன்னும் நேரம் கிடக்கிறது. செல்போனைத்தான் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, பொழுது எப்படிப் போகும்? நேராக டேப்பிடம் வந்தார்கள். சிரிக்கிற முகத்தைத் தொட்டால் அது படபடவென்று கைதட்டுகிறது. மறுபடி தொட்டார்கள், மறுபடி கைதட்டியது. அழுகிற முகத்தைத் தொட்ட ஒருத்தியிடம் அது காரணம் கேட்டு அரைப் பக்கக் கேள்வி நீட்டியது. அவளும் அதை விட்டுவிட்டுச் சிரிப்புக்கே வந்தாள். பிரியாணி நாளில் மணி அடிக்கிற வரை தின்றுவிட்டு ஓடுகிறவர்களுக்கு டேப்பைத் தொட ஏது நேரம்?

ஒரு ஷிப்டில் இருப்பதே நானூறு பேர். உப்புமாவுக்கு விழுந்த சிரிப்பு ஆயிரத்து இருநூறு. பி.சி.ஏ. படித்த கழுதைக்கு இது கண்ணில் படவில்லை பார்.

எல்லாரையும்விட அதிகமாக அமுக்கியவள் நாச்சியார்தான். கையும் களவுமாகப் பிடித்தேன். "ஏட்டி, நீயே அமுக்கிட்டு என்னைய ஏசுதியா?" என்றேன்.

"நான் உப்புமாவுக்கா அமுக்கினேன்? அது கைதட்டுச்சு, அமுக்கினேன். பொறந்ததுல இருந்து எனக்கு எவ கைதட்டியிருக்கா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஃபேன் இன்று நடுவில் ஓடுகிறது.

ஜூன் 24, செவ்வாய்

ரகு சாரிடம் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட் தப்பு, ஒரே ஆள் இருபது தடவை அமுக்கியிருக்கிறார், ஏன் அமுக்கினார்கள் என்று பார்க்காமலே கூட்டிவிட்டேன் என்று.

அவர் முகம் சுருங்கிப்போனது. ரிப்போர்ட் சென்னை ஆபீஸ் வரைக்கும் போய்விட்டதாம். இன்னும் இரண்டு பிளான்ட்டில் உப்புமா போடச் சொல்லி உத்தரவு தயாராம். இப்போது அவர்தான் போன் போட்டு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். "நாளையில இருந்து லைனுக்கே போம்மா," என்றார். திட்டக்கூட இல்லை.

சும்மா இருந்திருக்கலாம்லா. யாரு கேட்டா? உப்புமா தின்னா செத்தா போயிருவாக? என் நாற்காலி போச்சே. அழுகையா வருது.

ஜூன் 25, புதன்

லைன். கால் வலி.

ஜூலை 2, புதன்

பிரியாணி திரும்ப வந்தது. டேப்பில் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். கார்டைக் காட்டினால் ஆளுக்கு ஒரு தடவைதான் தொட முடியும். உப்புமாவுக்கு இந்த வாரம் பதினோரு சிரிப்பு. அந்தப் பதினோரு பேர் யார் என்று லைன் முழுக்க வலைவீசித் தேடுகிறார்கள்.

பாதிச் சாப்பாட்டில் ரகு சார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கே வந்து நின்றார்.

"தங்கமாரி, கம்பெனி பஸ்ல ஏறுறவங்க டேட்டா இது. வல்லக்கோட்டை ஸ்டாப்ல தினம் நாலு பேர்தான் ஏறுறாங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு பஸ் கூட்டம். அங்க நமக்கு ஹாஸ்டல் தேவைன்னு ரிப்போர்ட் வருது. மேல அனுப்புறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேக்கலாம்னு..."

நாச்சியாருக்குப் புரையேறியது. அவள் தலையில் தட்டிக்கொண்டே சொன்னேன், "செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலுக்குப் போவோம் சார். கும்பிட்டுட்டு அங்கனயே பஸ் ஏறிருவோம். ஹாஸ்டல் வேண்டாம். செவ்வாய்க்கு மட்டும் ஒரு பஸ் கூட விடுங்க, நின்னுக்கிட்டே வரோம்."

ரகு சார் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த நாற்காலி சும்மாதான் கிடக்கு. எப்ப வர்றே?" என்றார்.

"இருங்க சார், சாப்பிட்டு வாரேன்."

அவர் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்துபோய்க் கங்கா அக்காவிடம் இன்னொரு கரண்டி வாங்கிவந்து, மெதுவாகச் சாப்பிட்டேன்.