கம்பி கட்டுகிற டாக்டருக்கு என்ன வருது?

1963, ஆடி 19

காற்று. நேற்றுப் பெருக்குக் கூட்டம் போட்ட குப்பை தெரு முழுக்கப் பறக்கிறது. எனக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்ல மகள் கமலா எழுதுகிறாள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜீயபுரத்திலிருந்து ஒரு வாழைக்காரர் வந்தார். அவர் பெண் தனத்துக்கும் நம் பிள்ளை சுந்தரத்துக்கும் ஜாதகம் பொருத்தமாம்.

"ஆடியில பேச்செடுக்கக் கூடாதுங்க. சும்மா விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

விசாரித்தது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளைக்கு என்ன வருது?

பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் சம்மட்டி பிடித்தவன் நான். என் பிள்ளை தலைமுடி கனத்துக் கம்பியை வளைத்துக் கோணல் பல்லை நகர்த்துகிறான். பம்பாய் போய் இதற்கென்றே படித்தவன். இதையெல்லாம் சொன்னேன். வரும்படிக்கு மட்டும் நல்லா வருதுங்க என்று முடித்துவிட்டேன். எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

ஆடி 20

சாப்பாட்டில் சுந்தரத்தையே கேட்டேன். ஒரு மாதம் நானூறு நிற்குமாம். ஒரு மாதம் வாடகை போக ஒன்றுமில்லையாம். காரணம் கேட்டதற்குச் சொன்னவை:

பல் பிடுங்கினால் அன்றே காசு. கம்பி என்றால் ஒன்றரை வருஷம், காசும் மூன்று தவணை.

சாமான் எல்லாம் சீமையிலிருந்து. விலை நம் கையில் இல்லை.

மெட்ராஸில் இதே வேலைக்கு இரண்டு மடங்கு. இங்கே கோணல் பல்லுக்குச் செலவு பண்ணுவது பெண்ணைப் பெற்றவன் மட்டும்.

அவனும் கல்யாணம் நிச்சயமானதும் கழற்றச் சொல்லுவான். மூன்றாம் தவணை முகூர்த்தத்தோடு போச்சு.

அப்போ பல்லே பிடுங்கேன்டா என்றேன். சிரித்தான். "அதுக்கு நிறையப் பேர் இருக்காங்கப்பா."

ஆவணி 6

தூறல். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அவன் ஆஸ்பத்திரி. வாசல் பெஞ்சில் நான், வழக்கம்போல. சொல்லாமல் கொள்ளாமல் ஜீயபுரத்துக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வரும்படியைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார். நல்ல வேளை பார்த்து வந்தார்.

உறையூர் ஜவுளிக்கடைக்காரர், கூடப் பெண். கம்பி கட்டி ஆறு மாதம். ஐப்பசியில் கல்யாணம், இன்றைக்கே கழற்று, மீதி மொத்தமும் தருகிறேன், மேலேயும் தருகிறேன் என்று நின்றார். இப்போது கழற்றினால் பல் பழைய இடத்துக்கே போய்விடும் என்றான் சுந்தரம். அவர் விடவில்லை. சுந்தரமும் விடவில்லை.

"கம்பியோடயே தாலி கட்டிக்கட்டுங்க. கழுத்துலதான கட்டுறாங்க."

பெண் முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. அப்பன் சிரிக்கவில்லை. வேறு டாக்டர் இல்லையா என்று பெண்ணை இழுத்துக்கொண்டு படி இறங்கினார். பணம் இறங்கிப் போயிற்று. பின்னாலேயே சம்பந்தமும் இறங்கப் போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கமலா, அதையும் எழுது.

இனி மறைத்து என்ன? நானூறு, ஒன்றுமில்லாத மாதம், தவணை, முகூர்த்தம் எல்லாம் கொட்டிவிட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர் சொன்னார்.

"வாழைக் கன்னு வச்சுத் தார் வெட்ட எனக்கும் ஒரு வருஷம் ஆகுதுங்க. நடுவுல காத்தடிச்சா அதுவும் இல்ல. எனக்கு மட்டும் மாசச் சம்பளமா வருது? உங்க பிள்ளை காத்துக்குச் சாயாம நிக்கிறாருங்க. வந்து பெண்ணைப் பாருங்க."

ஆவணி 13

வெயில். ஜீயபுரம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெண் வீட்டில் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி.

தனம் வாயையே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டல். ஊமையோ என்று கமலா என் காதில் கேட்டாள். (எழுத மாட்டேன் என்கிறாள். எழுதும்மா.) எனக்கும் அதே சந்தேகம். பஜ்ஜித் தட்டு சரிந்து என் மடியில் கொட்டியது. பெண் சிரித்துவிட்டது. இடது பக்கம் ஒரு தெத்துப்பல். அழகாகத்தான் இருந்தது. தகப்பனார் முகம் வெளுத்துவிட்டது. அது பல் டாக்டர் கண்ணில் படக்கூடாது என்று பெண்ணுக்குச் சொல்லி வைத்திருந்தார் போல.

"நீங்களே கம்பி கட்டிருங்க மாப்பிள்ளை. மூணு தவணையும் இப்பவே வச்சிடறேன்."

சுந்தரம் பெண்ணைப் பார்த்தான்.

"அது அப்படியே இருக்கட்டும் மாமா. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

மாமா என்றான். எல்லோர் காதிலும் விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். மூன்று தவணையும் முன்னாலேயே வருவதாக இருந்த ஒரே கேஸ். அதையும் வேண்டாம் என்றுவிட்டான் என் பிள்ளை.