கேட்டில் கட்டிய சிவப்புத் துணி

ஸ்கூட்டர் டிக்கியில் ஸ்பானர் தேடினேன். கையில் சிக்கியது உன் சிவப்புத் துணி. கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை. ஃபேக்டரியில் குண்டு சோதனை நடக்கும்போதெல்லாம் யாரும் கிட்டே வராதபடி கம்பத்தில் ஏற்றுவாயே, அதேதான். ரிட்டயர் ஆன அன்று கேட்டு வாங்கி வந்தாய்.

என் வாய்தான் சும்மா இருக்காதே. பட்டாபிராம் டீக்கடையில் உன்னிடம் எதிர்ப்பொருளைப் பற்றி அளந்தேன். அதுவும் நம் பொருளும் தொட்டுக்கொண்டால் இரண்டுமே அழிந்து ஆற்றலாகிவிடும்; ஒரு கிராம் போதும், ஆவடியில் ஒரு சுவர் மிஞ்சாது என்றேன். நீ பாதி டீயைக் கீழே வைத்துவிட்டாய்.

அப்புறம் உனக்குப் புற்று என்றார்கள். பெட் ஸ்கேனுக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஊசியில் ஏற்றிய மருந்திலிருந்து பாசிட்ரான் வரும், அதுவும் எதிர்ப்பொருள்தான், உடம்பிலுள்ள எலெக்ட்ரானைத் தொட்டு இரண்டும் அழியும்போது கிளம்பும் கதிரைத்தான் மிஷின் பிடிக்கிறது என்று அங்கேயும் அளந்தேன்.

"இன்னா மச்சான், நீ சொன்ன அந்தச் சனியனா என் ஒடம்புக்குள்ள கீது?"

கண்ணுக்கே தெரியாத துளிதான், வெடிக்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்தேன்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இன்று மட்டும் பக்கத்தில் வரவேண்டாம் என்றார் நர்ஸ். ஃபேக்டரியில் சொன்ன தூரத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி நின்றே பழகியவன் நீ. வீட்டுக்கு வந்ததும் சிவப்புத் துணியை கேட்டில் கட்டினாய். மறுநாளும் அது தொங்கியது. அடுத்த வாரமும் தொங்கியது. நெமிலிச்சேரியிலிருந்து நிறைமாத வயிற்றோடு வந்த உன் மகள் செல்வி கேட்டுக்கு வெளியே நின்று அழுதாள். உள்ளேயிருந்தே கையை ஆட்டித் திருப்பி அனுப்பினாய். மருந்து எப்போதோ அடங்கிவிட்டது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு ஊரே பூடும்னே, இன்னிக்கு ஒண்ணும் இல்லன்றே. எத்த நம்புறது?"

இருபதாம் நாள் போய்விட்டாய். நிறைமாதக்காரி சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று பெரியவர்கள் அப்போதும் அவளைத் தடுத்துவிட்டார்கள். கடைசிவரை அவள் உன்னைத் தொடவில்லை. அன்று கேட்டிலிருந்து துணியை அவிழ்த்து டிக்கியில் போட்டவன் நான். என்னை மன்னிக்காதே.

வரும் திங்கள் எனக்கு அதே ஸ்கேன். அன்று சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா மாமா என்று செல்வி கேட்டாள். மறுநாள் வா என்றேன். மறுநாள் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறதடா. துணியைத் தூக்கி எறியத்தான் எடுத்தேன். ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து இதை எழுதுகிறேன், அது இன்னும் என் கையில்தான் இருக்கிறது.