அஷ்டமி என்று சொன்ன செவ்வாய்க்கிழமை

திருவண்ணாமலை,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு அருணாதேவி வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம். நீங்கள் அங்கே நலமா என்று கேட்கவே நாக்கு கூசுகிறது. குண்டு விழுகிற ஊரில் இருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும்.

வாட்ஸ்அப் காலத்தில் இவள் தாளில் எழுதி போட்டோ பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்காதீர்கள். போன் செய்தால், ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிடுகிறது. டைப் அடிக்கலாம் என்றால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவதற்குள் சொல்ல வந்தது மறந்து போகிறது. பேசி அனுப்பலாம் என்று பார்த்தேன், பாதியிலேயே அழுகை வந்து அழித்துவிட்டேன். நெட் வருகிற கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோ வந்து விழுந்துவிடும், அப்பா நிதானமாகப் படித்துக்கொள்வார் என்று நம் கவிநிலாதான் யோசனை சொன்னாள். வேலூர் ஹாஸ்டலில் இருந்து தினமும் கூப்பிட்டு, ‘அப்பா பேசினாராம்மா?’ என்று கேட்கிறாள். நர்சிங் பரீட்சை முடியும்வரை வீட்டுக்கு வராதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிவியில் சூடானைத்தான் காட்டுகிறார்கள். அந்த ஊர் ராணுவமும் இன்னொரு படையும் அடித்துக்கொள்கின்றன என்கிறார்கள். புகை வருகிற கட்டடம் எல்லாம் எனக்கு உங்கள் கம்பெனி கேம்ப் மாதிரியே தெரிகிறது. ஊரான் வீட்டுச் சண்டையில் சோறாக்கப் போன என் புருஷனுக்கு என்னய்யா வேலை என்று டிவியைப் பார்த்துத் திட்டினேன். டிவி என்ன செய்யும், பாவம்.

கப்பல் ஏற்றுகிற துறைமுகத்துக்கு நாளைக்குப் பஸ் வருகிறது, உங்கள் பெயரும் அதில் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதைக் கேட்ட பிறகுதான் ஒரு வாய் காப்பி குடித்தேன். தூதரகத்தில் பெயர் கொடுத்தது நல்ல காரியம். நம் கெஸ்ட் ஹவுசில் வெள்ளைக்காரர் ஒருவர் ரூம் எடுத்தால், அன்றைக்கே அவர் விவரத்தைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் அந்த ஆள் இந்த ஊரில் இருப்பதே கவர்மென்டுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக வெளிநாட்டுக்காரர் என்றால் ரமணாசிரமத்துப் பக்கம் சுற்றுகிறவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நீங்கள்தான் வெளிநாட்டுக்காரர்.

பாஸ்போர்ட்டைப் பையில் வைக்காதீர்கள், உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கம் படுக்க வேண்டாம். தண்ணீர் வருகிறபோதே கிடைக்கிற பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வையுங்கள். சண்டை நிறுத்தம் என்று சொல்கிற நேரத்தில் மட்டும் வெளியே வாருங்கள், வேடிக்கை பார்க்க வேண்டாம், முக்கியமாகப் போனில் படம் எடுக்க வேண்டாம்.

கொரோனாவில் நம்மிடம் மாட்டிக்கொண்ட இத்தாலிக்கார அம்மா ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் நாட்டுத் தூதரகம் வண்டி அனுப்பியபோது, கூட்டம் ஜாஸ்தியாக இருக்கிறது, அடுத்ததில் போகிறேன் என்றார். அடுத்தது வரவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவர் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். முதலில் எது வருகிறதோ அதில் ஏறிவிடுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அருணா.


திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

மாமாவுக்கு,

வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. அவ்வளவு கோபமாக இருக்கிறேன்.

நேற்று நீங்கள் கூப்பிட்டபோது கப்பலில் இருந்து பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். கேம்பிலேதான் இருக்கிறேன், பஸ்ஸில் ஏறவில்லை என்றீர்கள். ஏன் என்று கேட்டால், ‘செவ்வாக்கெழம, அதுவும் அஷ்டமி, எப்படிப் பொறப்படறது? அடுத்த பஸ் இருக்குது, பாத்துக்கலாம்’ என்றீர்கள். அதற்குமேல் லைன் இல்லை. கையில் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களைத் தெரியாதா எனக்கு? ராகுகாலம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று, சமைக்கப் போன கல்யாணத்தில் தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையையே வாசலில் நிறுத்தி வைத்தவர். சூடானுக்குப் போகிறபோது நவமி கழியட்டும் என்று ஏஜென்டிடம் சண்டை போட்டு டிக்கெட்டை மாற்றியவர். அதனால் முதலில் நம்பிவிட்டேன். துப்பாக்கி சுடுகிற ஊரில் நாள் பார்க்கிறாரே இந்த மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் விளக்கேற்றப் போனபோது காலண்டர் கண்ணில் பட்டது. கிழிக்காமல் விட்டிருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டே வந்தேன். செவ்வாய்க்கிழமை தாளில் சஷ்டி என்று போட்டிருக்கிறது. முருகனுக்கு உகந்த நாள். அஷ்டமிக்கு இன்னும் நாள் இருந்தது மாமா.

நீங்கள் எதில் வேண்டுமானாலும் தப்பு செய்வீர்கள். பிறந்தநாளை மறப்பீர்கள், கல்யாண நாளை மறப்பீர்கள். திதியில் தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் பொய் சொல்லியிருக்கிறீர்கள். எதை மறைக்கிறீர்கள்? காலில் கீலில் அடிபட்டு நடக்க முடியாமல் கிடக்கிறீர்களா? பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டீர்களா? வழியில் யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா? என் கெட்ட புத்தி இன்னொன்றையும் கேட்கிறது, அங்கே வேறு யாராவது இருக்கிறாளோ என்று. அப்படி இருந்தாலும் பரவாயில்லை, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து சேருங்கள், இங்கே வந்ததும் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசிக்கொள்கிறேன்.

கலெக்டர் ஆபீசுக்குப் போய் உங்கள் பெயரும் கேம்ப் விலாசமும் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த மேடம் பொறுமையாகக் கேட்டு, சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். ‘அவரு ஏறணும்ல, அவரு ஏறுனாத்தான கூட்டிட்டு வர முடியும்?’ என்று அவர்கள் கேட்டார்கள். மானம் போயிற்று.

வெயிலுக்குப் பயந்து வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கெஸ்ட் ஹவுஸ் காலி. ஆள் இல்லாத ரூம்களையே தினமும் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் யோசனை ஓடுகிறது, அதற்காகத்தான். பேச ஒரு ஆள் இல்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், ‘இன்னாம்மா, வந்துட்டாரா?’ என்கிறார்கள். வந்துகொண்டே இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னையும் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள்.

உண்மை எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன்.

அருணாதேவி.


திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மாமாவுக்கு,

போன கடிதத்துக்கு இன்னும் ஒற்றை டிக்தான் காட்டுகிறது. அதில் எழுதியதைப் படிக்காமல் இருந்தாலும் நல்லதுதான். இதை முதலில் படியுங்கள்.

உங்கள் கேம்பில் வெல்டிங் வேலை பார்த்த அறிவுச்செல்வன் நேற்று வந்தான். கப்பலில் ஜெட்டா போய், விமானத்தில் டெல்லி வந்து, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். சொந்த ஊர் செங்கத்துக்குக்கூடப் போகாமல், பையும் கையுமாக நேரே நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். தாடியும் மீசையுமாக யாரோ பரதேசி என்று நினைத்து, சில்லறை இல்லை, போங்க சாமி என்று சொல்லிவிட்டேன். ‘அண்ணி, நாந்தான்’ என்றான்.

உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான், ‘அண்ணன் எழுந்து குடுத்த சீட்லதான் அண்ணி நான் வந்தேன்.’

எல்லாவற்றையும் சொன்னான். நீங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டதையும், கம்பெனி ஆபீசில் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டதால் ஏற முடியாத முப்பது பேருக்கு மேல் கேம்ப் கேட்டுக்கு உள்ளே நின்று கையாட்டியதையும், தூதரகம் மாற்றுக் காகிதம் கொடுத்த பிறகுதான் அவர்களுக்குப் பஸ் என்பதையும் சொன்னான். அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர், ‘இனிமே சோத்துக்கு இன்னா பண்றது?’ என்று இந்தியில் கேட்டாராம். அவ்வளவுதான், நீங்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டீர்களாம். டிரைவர் கத்தியிருக்கிறார். பெயர் கொடுத்து இடம் கிடைக்காமல் ஓரமாக நின்றிருந்த இவனைப் பிடித்து ஏற்றிவிட்டு, ‘கடைசி ஆளு கை கழுவுற வரைக்கும் ஆக்குனவன் அடுப்ப வுட்டு நகரக் கூடாதுடா, எங்க ஊரு பந்தல்ல அப்படித்தான்’ என்று சொன்னீர்களாம்.

எனக்கு அவனைக் கன்னத்தில் அறையவேண்டும் போல இருந்தது. அவன் உட்கார்ந்து வந்தது என் புருஷன் இடம். இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டேன். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, அண்ணன் கைச் சோறு மாதிரி இல்லை என்றான், திமிர் பிடித்தவன். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாமா, கிரிவலப் பாதையில் கோதண்டராமன் அண்ணன் போடுகிற அன்னதானப் பந்தலில் நீங்கள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அண்டாவோடு நின்றதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடி ஒட்டியதைச் சுரண்டித் தின்பீர்கள். நான் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். ஆனால் அங்கே கூட்டத்துக்கு முடிவு உண்டா? அரிசி தீர்ந்ததும் குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டு, ‘அவ்ளோதான் சாமி, அடுத்த பந்தல்ல பாருங்க’ என்று கும்பிடு போடுவீர்களே. அந்த வழக்கமும் நம் ஊர் வழக்கம்தான். அதை எப்படி மறந்தீர்கள்?

விட்டுவிட்டு ஓடி வாருங்கள் என்று எழுத எனக்கும் கை வரவில்லை. அந்த முப்பது பேர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களில் இரண்டு பேருக்கு உலை வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் சொல்லிக்கொடுங்கள். உப்பு கம்மியாக இருந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். அவர்கள் பஸ் வருகிற அன்று எல்லாருமாக ஏறுங்கள், நீங்கள் கடைசியாகவே ஏறுங்கள். ஆனால் அதற்கு முன்பே கேம்ப் வாசலுக்குச் சண்டை வந்துவிட்டால், யாருக்கும் எதுவும் ஆக்காமல் கிடைத்த வண்டியில் ஏறிவிட வேண்டும். இது என் தலைமேல் சத்தியம்.

தெருவில் யாராவது கேட்டால், பைத்தியக்கார மனுஷன் என்று திட்டுகிறேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அது பக்கத்தில் உட்கார்ந்து பேசுமா? ராத்திரியில் கதவு தட்டினால் எழுந்து போய்த் திறக்குமா?

இந்த வாரம் சித்ரா பௌர்ணமி. ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. உங்கள் அண்டாவுக்கு இந்த முறை யார் என்று கோதண்டராமன் அண்ணன் கேட்டு அனுப்பியிருக்கிறார். லட்சக்கணக்கில் ஆட்கள் நம் தெரு வழியாகத்தான் போவார்கள். அத்தனை பேரிலும் உங்கள் முகம் இருக்கப் போவதில்லை என்று நினைத்தாலே வீட்டை விட்டு வெளியே வரப் பிடிக்கவில்லை.

அண்ணாமலையார் உங்களுக்கும் உங்கள் கையால் சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் துணை இருக்கட்டும். கடைசி ஆள் வரைக்கும் என்று சொன்னீர்களாம். அந்த வரிசையில் ஒரு ஆளை எண்ணாமல் விட்டுவிட்டீர்கள் மாமா. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. எனக்கும் பசிக்கிறது, வந்து சோறு போடுங்கள்.

உங்கள்
அருணா.